அத்தை என் பெயரைச் சொல்லி அழுத சாயங்காலம்

இதை வாசிக்கும் என் வயதுக்காரர்களுக்கு முதலிலேயே ஒரு வாக்குறுதி. முழங்கால் வலியைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை. சீனி வருத்தம், பிரஷர், வெளிநாட்டுப் பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்ற கதை, எதுவும் இல்லை. அவற்றையெல்லாம் நேரில் சந்திக்கும்போது வைத்துக்கொள்வோம். இது ஒரு மைக்கைப் பற்றியது.

போன மாதம் பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறிக் கண்டி மார்க்கெட் பக்கம் இறங்கினேன். ஒரு சின்னக் கூட்டம். எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கையில் பிடிக்கும் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை பேசிக்கொண்டிருந்தாள். வீடு, காணி, பாதை என்று ஒவ்வொன்றாகத் தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை சொன்னாள். நான் வாத்தியார் வேலை பார்த்தவள், குறை கண்டுபிடிப்பது கைப்பழக்கம். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் சனம் அவளைச் சுற்றி விலகித் தன் பாட்டில் போனது. முருங்கைக்காய்ப் பையோடு கடைசிவரை நின்று கைதட்டியது நான் ஒருத்திதான். அவள் ஓடிவந்து, “அம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்” என்று ஸ்பீக்கரை நீட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அத்தையின் ஞாபகம் வந்தது. அத்தையிடம் யாராவது மைக்கை நீட்டியிருந்தால் இவ்வளவு சுலபமாகத் திரும்ப வாங்கியிருக்க முடியாது.

எங்கள் தோட்டம் புசல்லாவைக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே இறங்க வேண்டியது. மூன்று டிவிஷன். மலைமேல் ஒன்று, ஆற்றுக்கு அக்கரையில் ஒன்று, பள்ளத்தில் எங்களுடையது. நான் சொல்லும் காலத்தில் மழை விட்டுப் பனி தொடங்கியிருந்தது. காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். பிள்ளைகள் நாங்கள் ஈர்க்குக் குச்சியை வாயில் வைத்துச் சுருட்டுக் குடிப்போம். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. தம்பி கைக்குழந்தை.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் கூடத்துக்கு எங்கள் பக்கம் பிள்ளை மடுவம் என்று பெயர். தகரக் கூரை. உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொட்டில்கள். பழைய சேலைகள்தான் தொட்டில். எந்தச் சேலை யாருடையது என்று பார்த்தாலே எந்தப் பிள்ளை உள்ளே கிடக்கிறது என்று தெரியும். உள்ளே நுழைந்தால் பால்மா வாசமும் மூத்திர வாசமும் கழுவி ஊற்றும் மருந்துத் தண்ணீர் வாசமும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் வந்தால் எனக்கு மனசு இளகிவிடும், என்ன செய்வது. பத்து மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து ஓடிவருவார்கள். கூடையை வாசலில் கழற்றிவைத்து, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். பச்சைக் கொழுந்தும் பாலும் சேர்ந்து மணக்கும். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் இடைவேளைக்கு நான் ஓடிப்போய் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொள்வேன். அம்மா ஒன்றும் பேச மாட்டார். மடியிலிருந்து ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கமாக நீட்டுவார்.

அம்மா பேசாத ஆள். அத்தை பேச்சை நிறுத்தாத ஆள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கணவரை இழந்து, லய வரிசையில் எங்களுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில் இருந்தார். சமையல் ஒன்றாகத்தான். அத்தைக்கு ஊரெல்லாம் அறிந்த ஒரு பெருமை இருந்தது. மூன்று டிவிஷனிலும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். சும்மா போய்விட மாட்டார். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி வேண்டும். பிணத்தின் தலைமாட்டில் இடம் வேண்டும். செத்தவர் ஒரு காலத்தில் அத்தையை ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் பாட்டில் சேர்த்துவிடுவார். செத்தவர் எழுந்து பதில் சொல்லவா போகிறார்? ஒரு பெண் ஊர் நடுவில் உட்கார்ந்து நினைத்ததையெல்லாம் உரக்கச் சொல்லலாம், ஒருவரும் தடுக்கக் கூடாது என்றால் எங்கள் தோட்டத்தில் அதற்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது.

அந்தக் குரலுக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை. தேங்காய் துருவும்போது அத்தை லேசாக முனகினாலும், “மதினி, வெளக்கு வச்ச நேரம்” என்பார் அம்மா. அம்மா அத்தையிடம் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். தம்பிக்குத் தாலாட்டுப் பாடவும் விடவில்லை. சாவு வீட்டுக் குரல் பிள்ளைமேல் படக்கூடாதாம். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் தொட்டிலை ஆட்டுவார். இதில் அத்தைக்கு இருந்த வருத்தம் அப்போது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் இப்போதுதான் தெரிகிறது.

ஒருநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில், கணக்கப்பிள்ளை ஒரு செய்தி சொன்னார். அடுத்த மாதம் முதல் எங்கள் பிள்ளை மடுவத்தை மூடுகிறார்களாம். மேல் டிவிஷனில் ஓடு போட்ட புது மடுவம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகளை இனி அங்கே கொண்டுபோய் விட வேண்டுமாம். கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால் தாய்மார் இருட்டோடு மலை ஏறிப் பிள்ளையை விட்டு, இறங்கி வந்து பிரட்டுக்கு நிற்க வேண்டும். பத்து மணிப் பாலை மறந்துவிட வேண்டியதுதான்.

அன்று இரவு ஒவ்வொரு காம்பராவிலும், யாரும் யாரையும் கேட்காமல், ஒரே முடிவுக்கு வந்தார்கள். வீட்டில் மூத்த பெண்பிள்ளை நிற்க வேண்டும், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள.

“ஒரு வருசந்தான். தம்பி நடந்துட்டா நீ மறுபடியும் போவலாம்” என்றார் அப்பா. அவர் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்தவர், இரக்கமில்லாதவர் இல்லை. என் தலையைத் தடவிக்கொண்டுதான் சொன்னார். அந்த ஒரு வருசத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்த பெண்பிள்ளை யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் சம்மதம் என்று நினைத்துப் போர்வைக்குள் அழுதேன்.

மறுநாள் எங்கள் வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். “பிள்ளையை நிப்பாட்டிப் போடாதேங்கோ. கெட்டிக்காரி. ஒருக்கா நிண்டால் பிறகு வராது, கண்டியளோ” என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “சரிங்க சேர், ஆகட்டுங்க சேர்” என்றார். வாத்தியார் நம்பிப் போனார். அப்பா யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. சொன்னபடி செய்ததும் குறைவு.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய்ப் பேசினார். துரை சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். “கீழ் டிவிஷன் மட்டும் கத்துனா எப்படி? மூணு டிவிஷனும் வந்து கேக்கட்டும், பாக்கிறேன்” என்றாராம். அவருக்குத் தெரியும், மற்ற இரண்டு டிவிஷனும் வராது என்று. மேல் டிவிஷனுக்குப் புது மடுவம் கிடைத்துவிட்டது. அக்கரை டிவிஷனுக்கு இது அடுத்த வீட்டுக் காய்ச்சல். தலைவர் விடவில்லை, கூட்டம் போடுவோம் என்றார். கண்டியிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைப்பதாகவும் புசல்லாவையிலிருந்து ஸ்பீக்கர் எடுப்பதாகவும் ஏற்பாடு.

திருவிழாவுக்கு மட்டும் வரும் அந்தப் புனல் ஸ்பீக்கர் சாதாரண ஒரு நாளில் வந்தது எங்களுக்குத் திருவிழாவைவிடப் பெரிதாக இருந்தது. ஸ்பீக்கர்க்காரர் மடுவத்துக்கு முன்னாலிருந்த சவுக்கு மரத்தில் ஏறி அதை ஆற்றுப் பக்கம் பார்த்துக் கட்டினார். கீழே இறங்கி மைக்கில் ஊதினார். அவர் ஊதிய ஊதல் அக்கரை மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பிள்ளைகள் எல்லாரும் திரும்பி மலையைப் பார்த்தோம்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கூட்டம். எங்கள் டிவிஷன் பெண்கள் பிள்ளைகளோடு வந்து மடுவத்து வாசலில் குந்தினார்கள். ஆண்கள் பின்னால் நின்று பீடி பற்றவைத்தார்கள். மேல் டிவிஷனிலிருந்து ஒரு காக்காயும் வரவில்லை. அக்கரையில் இன்னும் நிறுவை நடந்துகொண்டிருந்தது, ஆட்கள் வரிசையில் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. தலைவர் பாதையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போய்க் கூட்டத்தைத் தொடங்கினார்.

பேச்சாளர் வெள்ளைக் காற்சட்டையில் செம்மண் படாமல் நிற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு ஆளாகிவிட்டார். “பெருந்திரளாகக் கூடியிருக்கும் தாய்க்குலமே!” என்றார். பெண்கள், வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எரிமலை வந்தது, சங்கு வந்தது, விடியல் இரண்டு மூன்று தடவை வந்தது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நாங்கள் கூட்ட விளையாட்டு விளையாடினோம். நான் பேச்சாளர், பக்கத்து வீட்டுக்காரி சோடா கொடுக்கும் ஆள். ஆனால் அன்று அவர் பேசிய அத்தனையிலும் பத்து மணிப் பால் என்று ஒரு வார்த்தை வரவில்லை, ஐந்தாம் வகுப்பு என்றும் வரவில்லை.

பேச்சு முடிந்ததும் தலைவர் கேட்டார். “தாய்மாருக யாராச்சும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க. கஷ்டத்தச் சொன்னாத்தானே தெரியும்.”

பெண்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்தார்கள். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் மைக்கை மூடப்போன நேரத்தில் அத்தை எழுந்தார்.

“எனக்குப் பேச வராது தம்பி. அழத்தான் வரும். அழட்டுமா?”

தலைவருக்குச் சிரிப்பு. ஏதோ கண்ணைக் கசக்கிவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்துவிட்டார். “அழுங்கக்கா” என்றார். பேச்சாளரும், “உணர்ச்சியோடு பேசுங்கள் அம்மா, அதுதான் முக்கியம்” என்று தைரியம் சொன்னார். பாவம், இரண்டு பேருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது.

“நின்னுக்கிட்டு எப்படி அழுவறது? இதக் கீழ எறக்கு” என்றார் அத்தை ஸ்பீக்கர்க்காரரிடம். அவர் மைக் கம்பியைத் தாழ்த்தினார். அத்தை மடுவத்து வாசற்படியில், கதவைப் பார்த்து உட்கார்ந்தார். முடியை அவிழ்த்துவிட்டார். ஒரு முறை செருமினார். தொடங்கிவிட்டார்.

“ஆடுன தொட்டியெல்லாம் அசையாமத் தொங்குதே
பால்குடிச்ச வாயெல்லாம் பகலெல்லாம் ஏங்குதே
மூச்சு வாங்க ஓடி வந்து முத்தத்துல நின்னாக்கா
சாத்துன கதவுக்கு யாரு பதில் சொல்லுவா?”

அத்தையின் குரலை நான் எத்தனையோ சாவு வீடுகளில் கேட்டிருக்கிறேன். மரத்தின்மேல் இருந்து வந்து, அக்கரை மலையில் பட்டு, இன்னொரு தடவை திரும்பி வந்து கேட்டது அன்றுதான். பெண்கள் யோசிக்கவே இல்லை. ஒப்பாரி கேட்டால் கூடி உட்கார வேண்டும், அதுதான் பழக்கம். எழுந்து போய் அத்தையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் போட்டுக்கொண்டார்கள். மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் பீடியை அணைத்தார்கள். யாரும் சாகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

மடுவத்துக்கு அழுது முடித்ததும் அத்தை மூச்சு எடுத்தார். அடுத்ததாக என் பெயரை இழுத்துச் சொல்லிவிட்டுப் பாடினார்.

“அஞ்சாம் வகுப்பு படிச்ச ஆசை மருமகளே
அடுப்படி மூலையில அடக்கமாப் போனியோ
கொப்பியில எழுதுனது கொறையாக் கெடக்குதே
கூப்பிட்டாச் சத்தமில்ல, கூடு மட்டும் கெடக்குதே”

என் பெயர் மலையில் மோதித் திரும்பி வந்தது. வட்டத்திலிருந்த பெண்கள் தோளிலிருந்து கையை எடுத்தார்கள். நம் சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளையின் பெயரை ஒப்பாரியில் சொல்லக் கூடாது. விளையாட்டுக்கும் கூடாது. சொன்னால் அது அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்துவிடும். நான் என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா எழுந்தார். தம்பியை யார் மடியிலோ போட்டுவிட்டு, வட்டத்தைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனார். அத்தையின் வாயைப் பொத்தத்தான் போயிருக்க வேண்டும். மைக் அத்தையின் வாய்க்கு நேரே இருந்தது. அதைப் பிடித்து இழுத்ததில் அது அம்மாவின் வாய்க்கு நேரே வந்துவிட்டது.

“எம்புள்ள சாகல!” என்று கத்தினார் அம்மா. “எம்புள்ள சாகல! அது நாளைக்கு ஸ்கூலுக்குப் போவும்! நாளான்னைக்கும் போவும்! எவன் தடுக்கிறான்னு பாக்கிறேன்!”

அம்மாவின் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அத்தை அம்மாவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி, அடுத்த வீட்டு மூத்த பிள்ளையின் பெயரை எடுத்தார். பெயர் முழுதாக வாயிலிருந்து விழவில்லை, அந்தத் தாய் பாய்ந்து வந்துவிட்டார். “எம்புள்ளயும் சாகல! அதுவும் போவும்!” அதற்கடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீடு. ஒரு கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேச வெட்கப்பட்டுச் சிரித்த பெண்கள், மைக்குக்கு அடித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கர்க்காரர் கம்பியைக் காப்பாற்றக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் அக்கரையிலிருந்து ஆட்கள் பாலத்தைத் தாண்டி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஒப்பாரி கேட்டால் வேலை நிற்கும், அதற்குத் துரையின் உத்தரவு தேவையில்லை. அதுவும் மலை அதிரும் ஒப்பாரி. பெரிய சாவு என்று நினைத்து நிறுவை வரிசையைக் கலைத்துவிட்டு, கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்தபடியே வந்துவிட்டார்கள். மேல் டிவிஷன்காரர்கள் தப்பு மேளத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். பெண்கள் சாவு வீட்டுக்கு என்று மடியில் அரிசி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“யாரு தாயி? எந்த வீடு?”

“யாரும் சாகலக்கா.”

“சாகலியா? அப்புறம் என்னாத்துக்கு எங்க குலை நடுங்க அழுதீங்க?”

விசயத்தைச் சொன்னோம். மேல் டிவிஷன் அம்மா ஒருவர் அரிசியை அவிழ்க்காமலே தரையில் உட்கார்ந்தார். “ஓடு போட்டது அழகாத்தான் இருக்கு. எங்க புள்ளைகளுக்கே கையக் கால நீட்ட எடமில்ல. ஒங்களயும் எங்க போட்டு அடைக்கப் போறாக? எங்ககிட்ட யாரு கேட்டா?” என்றார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் மரியாதை இல்லை என்று ஆயா அடுப்பைப் பற்றவைத்தார்.

இந்த நேரத்தில் தோட்டத்துத் தச்சு வேலைக்கார பாஸ் அளவுக் கோலோடு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் யார் செத்தாலும் பெட்டி செய்து கொடுப்பது அவர்தான். காதில் பென்சில். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, “எங்க இருக்கு? எவ்வளவு ஒசரம்?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஜீப் வந்து நின்றது. துரை தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கினார். சாவு வீட்டுக்கு அப்படித்தான் வருவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

“யாரு செத்துப் போனது?” என்றார் துரை.

கூட்டம் முழுவதும் அத்தையைப் பார்த்தது. அத்தை அவிழ்த்த முடியைச் சாவகாசமாக முடிந்துகொண்டார். மடுவத்தின் பக்கம் கையை நீட்டினார்.

“இதுதான் தொரை. பாஸுகிட்ட அளந்துக்கச் சொல்லுங்க. உள்ள தொங்குறத எல்லாம் சேத்து அளக்கச் சொல்லுங்க.”

பாஸ் அப்பாவி. இரண்டடி முன்னால் எடுத்து வைத்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. கதவு வழியாகத் தொட்டில்களைப் பார்த்தார், சாக்கு மூட்டைகளோடு தரையில் இருந்த மூன்று டிவிஷன் சனத்தையும் பார்த்தார். தொப்பியை உடனே போடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆயா கொடுத்த தேத்தண்ணியை நின்றபடி குடித்தார். “தலைவரே, நாளைக்கு ஆபீசுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மடுவத்தை மூடவில்லை. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தோம். வாத்தியார் வரவு கூப்பிட்டபோது ஒவ்வொருத்தியும் தேவைக்கு மேலே உரக்க, “உள்ளேன் சேர்!” என்றோம். வாத்தியார் காதைத் தடவிக்கொண்டார்.

வீட்டில்தான் இடி விழுந்தது. அம்மா அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மடுவம் கிடைத்ததெல்லாம் சரிதான், பிள்ளை பெயரை ஒப்பாரியில் எப்படிச் சொல்லலாம்? எனக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கோயில் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். பூசாரி கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார். “அழுத வாயாலதான் கூப்பிடணும். தெனமும் விடிய, புள்ள உசிரோட இருக்குன்னு ஊருக்கே கேக்கிற மாதிரி, பேரச் சொல்லிக் கூப்பிட்டு வெளிய அனுப்பணும்.”

எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்ல மறந்தாரா, அத்தை கேட்க மறந்தாரா தெரியாது. மறுநாள் முதல் பள்ளிக்கூட நேரத்துக்கு அத்தை எங்கள் வாசலில் வந்து நிற்பார். என் பெயரை இழுத்துக் கூப்பிடுவார். “ஸ்கூலுக்கு நேரமாச்சு, வாடீ!” லயத்தின் கடைசிக் காம்பராவரை கேட்கும். என்னைக் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகளும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். அந்தக் குரலுக்கு முதல் தடவையாக எங்கள் வாசலில் அனுமதி கிடைத்தது. அத்தை அதை விடுவாரா? காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கூப்பிட்டார்.

அம்மா மட்டும் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே பாயில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினார்கள். நடுவில் நான் ஒரு தபால்காரி. “ஒங்க அத்தைக்குச் சொல்லு, கீரை கடஞ்சி வச்சிருக்கு, சூடு ஆறுறதுக்குள்ள திங்கச் சொல்லு” என்பார் அம்மா, அத்தையின் முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டு. “ஒங்கம்மாகிட்டச் சொல்லு, உப்பு கம்மி” என்பார் அத்தை, மூன்றாவது தடவை போட்டுக்கொண்டு. நான் கண்டியில் படிக்க ஹொஸ்டலுக்குப் போனதும் அந்த வேலை தம்பிக்கு வந்தது. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அத்தைக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே தரையில் படுத்துக் கிடந்தது அம்மாதான். அப்போதும் பேசவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, “மதினிக்குக் கஞ்சி குடிக்கச் சொல்லுங்க” என்றாராம்.

ஒரு விடுமுறையில் அத்தையிடம் கேட்டேன். “அத்தை, அன்னைக்கு வேணும்னேதான் என் பேரச் சொன்னீங்களா? அம்மா கத்துவாங்கன்னு தெரிஞ்சுதானா?”

அத்தை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அத விடு. மைக்குல என் கொரல் எப்படி இருந்துச்சு? அத மொதல்ல சொல்லு.”

நன்றாக இருந்தது என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அத்தை போன செய்தி எனக்குப் பாடசாலையில் வைத்துத்தான் கிடைத்தது. நான் அப்போது அலவத்துகொடைப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பாடத்தில் நின்றேன். பிள்ளைகள், “டீச்சர், ஏன் அழுறீங்க?” என்று கேட்டதும்தான் அழுகிறேன் என்று தெரிந்தது. கட்டியிருந்த சேலையோடு, கையில் சுண்ணக்கட்டியோடு, கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து புசல்லாவைக்கு ஒரு பஸ். போய்ச் சேர்ந்தபோது தூக்கும் நேரம்.

சனம் நிறைந்திருந்தது. பெண்கள் அழுதார்கள், ஆனால் எடுத்துப் பாட ஆள் இல்லை, பாடுகிறவர்தான் கிடத்தப்பட்டிருந்தாரே. அம்மா தலைமாட்டில் இருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கவில்லை என்று தம்பி சொன்னான். நான் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போனேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். சேலையைப் பார்த்தார், கையிலிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அத்தையின் முகத்தில் கை வைத்து, லயம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

“மதினி, கண்ணத் தொறந்து பாருங்க. ஒங்க மருமக ஸ்கூல்லருந்து வந்துட்டா.”